ஏழு, சைபர், ஏழு

மாவு பிசைந்துகொண்டிருந்த ஜரிபாவை அப்படியே வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான் எசென்.

"ஒரு நிமிஷம்டி. இதைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நில்லு, போதும்."

அவன் அவள் கையில் திணித்தது பழைய வண்டியின் நம்பர் பிளேட். ஷெட்டில் எலிப்பொறிக்குப் பக்கத்தில் கிடந்தது.

"என்னங்க இது, ஸ்டேஷன்ல திருடனை நிக்க வச்சு போட்டோ எடுக்கிற மாதிரி?"

"திருட்டு முழி இருக்குதான் உனக்கு. பின்னால போ. இன்னும். இன்னும் கொஞ்சம். வேலி வரைக்கும் போ."

இருட்டத் தொடங்கியிருந்தது. எசென் காருக்குள் ஏறி விளக்கைப் போட்டான். ஜரிபா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிளேட்டை வயிற்றுக்கு நேரே பிடித்தபடி வேலியோரம் நின்றாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. போர்சோக் பலகார உருண்டைகளைப் பொரிக்கப் போடாவிட்டால் மாவு புளித்துவிடும். காருக்குள் அவன் முகம் மட்டும் நீல வெளிச்சத்தில் தெரிந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த டேஷ் கேமராவின் சின்னத் திரையை, குழந்தையின் தொண்டைக்குள் பார்க்கும் வைத்தியன் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பைத்தியம் கோடையில் பிடித்தது. தலைநகர் பிஷ்கெக்கின் சந்தை வாசலில் ராத்திரி யாரோ அவன் கார்க் கதவை நெடுக உரசிவிட்டுப் போய்விட்டார்கள். கேமராப் படத்தில் ரோடு தெரிந்தது, மரம் தெரிந்தது, தூரத்தில் நின்ற நாயின் கண் தெரிந்தது. உரசிய வண்டியின் நம்பர் மட்டும் வெள்ளைச் சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எசென் விடவில்லை.

"நம்பர் பிளேட்டு ராத்திரியில கண்ணாடி மாதிரிடி" என்று ஜன்னல் வழியே கத்தினான். "நம்ம வெளிச்சத்தை வாங்கி நம்ம மூஞ்சியிலேயே அடிக்குது. இந்தக் கேமராவோ முட்டாள். சுத்தி இருட்டா இருக்கேன்னு கண்ணை அகலமாத் திறந்து வச்சுக்குது. அகலத் திறந்த கண்ணுல வெளிச்சம் அடிச்சா குருடுதானே?"

"எண்ணெய் காயுதுங்க."

"காயட்டும். வெளிச்சத்தை ரெண்டு படி கீழே இறக்கிட்டேன். மைனஸ் ரெண்டு. இப்ப பெரிய விளக்கை அணைச்சுட்டு சின்ன விளக்கைப் போடறேன், பாரு. எழுத்து தானா எந்திரிச்சு நிக்கும்!"

அவள் ஓடிவந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். அவன் படத்தை நிறுத்திக் காட்டினான். திரை முழுக்கக் கரி. நடுவில் நம்பர் மட்டும் அச்சடித்த மாதிரி தெளிவாக, அந்தரத்தில் தொங்கியது. அதன் இரண்டு ஓரத்திலும் மாவு ஒட்டிய விரல்கள்.

"ரோடே காணோமே."

"ரோடு எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது நம்பர்."

"என்னையும் காணோம்."

"உன்னைத்தான் தினம் வீட்ல பாக்கிறேனே."

உருளைக்கிழங்கு மூட்டையையும் பிஷ்கெக்கில் படிக்கும் மகள் மேரிமுக்கு ஒரு டப்பா வெண்ணெயையும் பின்னால் ஏற்றினான். கணவாய்க்கு அந்தப் பக்கம் டவுனில் சவாரி இரண்டு பேர் காத்திருந்தார்கள். கேட்டைத் திறந்துவிட்டவளிடம், "கையைக் கழுவிட்டு அந்தப் பிளேட்டை ஷெட்டுல மாட்டிடு, தூக்கிப் போட்டுடாதே" என்றான். அவன் கடைசியாகச் சொன்னது அதுதான்.

சாரி-பெல் கணவாயின் மேல் வளைவில் ஒரு நிலக்கரி லாரி டயர் வெடித்து நின்றிருந்தது. அந்த மலையில் நின்ற வண்டியைக் கடந்து போகிறவனை ஊரில் மனுஷனாகவே எண்ணமாட்டார்கள். எசென் லாரிக்குப் பின்னால் ஓரமாக நிறுத்தினான். சின்ன விளக்கை மட்டும் எரியவிட்டான். டார்ச்சை எடுத்துக்கொண்டு, வருகிற வண்டிகளுக்குக் காட்ட ரோட்டுப் பக்கம் நடந்தான். லாரிக்காரர் அந்தப் பக்கம் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிரேக் சத்தத்தைக் கேட்டார், ஏதோ மோதுகிற சத்தத்தைக் கேட்டார். கிழவரான அவர் சக்கரத்தைப் பிடித்து எழுந்து, லாரியைச் சுற்றி வருவதற்குள் இரண்டு சிவப்பு விளக்கு வளைவில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

எசென் அப்போது உயிரோடு இருந்தான். லாரிக்காரர் அதைப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டே சொன்னார். ஒற்றை ஆளாக அவனைத் தூக்கி அவன் காரிலேயே கிடத்துவதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. இன்னொரு ஜோடிக் கை இருந்திருந்தால் சட்டென்று ஆகியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆற்றுப் பாலம் வருவதற்கு முன்னால் உயிர் போய்விட்டது.

*

முற்றத்தில் கூடாரம் எழுப்பினார்கள். உள்ளே பெண்கள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். வெளியே எசெனின் ஆண் உறவுகள் இடுப்பில் துண்டைக் கட்டி, கம்பை ஊன்றிக் குனிந்து, துக்கத்துக்கு வருகிற ஒவ்வொரு கூட்டத்தையும் பார்த்து "என் ஈரலே, என் ஈரலே" என்று அலறினார்கள்.

அந்த வரிசையில் முதலில் நின்றவர் நீலக்குதிரைக்காரர்.

அவருக்குப் பெயர் இருக்கிறது. ஊருக்கே தெரியும், மாவட்டத்துக்கே தெரியும். ஆனால் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், கணவனுக்கு மூத்த ஆண்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. வேறு பெயர் வைத்துத்தான் குறிக்க வேண்டும். எசெனின் பெரியப்பா மகனான அவர் வாலிபத்தில் நீலம் பாய்ந்த சாம்பல் குதிரை ஒன்றில் திரிந்தவர். அதனால் மருமகள்கள் எல்லாரும் அவரை நீலக்குதிரைக்காரர் என்றார்கள். இப்போது குதிரை இல்லை. மாவட்ட அலுவலகத்தில் பெரிய நாற்காலி இருந்தது, பெரிய வெள்ளை ஜீப்பு இருந்தது. குரலும் பெரிதுதான். அவர் "என் ஈரலே" என்று அலறியபோது கூடாரத்துக்குள் பெண்களின் ஒப்பாரியே ஒரு கணம் தடுமாறியது.

"பெத்த அப்பன்கூட இப்படி அழமாட்டான்டி" என்று ஜரிபாவின் காதில் சொன்னாள் ஜூரா. எசெனின் அண்ணன் மனைவி, ஜரிபாவுக்கு மூத்த ஓரகத்தி. "மனுஷன்னா இவருதான்."

ஜரிபாவும் அப்படித்தான் நினைத்தாள். கூடாரச் சுவரைப் பார்த்து அழுதுகொண்டே, அவர் அழுகைக்காக அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். பிறகு வந்த நாட்களில் மற்ற எதைவிடவும் அந்த நன்றிதான் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

*

கேமராவைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தது. கேட்கப் போனபோது இன்ஸ்பெக்டர் மிர்லான் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். கூடத் துணைக்கு மூத்தார், எசெனின் அண்ணனும் ஜூராவின் கணவருமானவர், வந்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் அலுவலகம் என்றால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விடுவார்.

"பாத்துட்டோம் அக்கா. ஒண்ணும் தேறாது" என்று மிர்லான் ஒரு தாளை நகர்த்தினார். படத்தை அச்செடுத்திருந்தார்கள். சாம்பல் நிறப் புகைக்குள் ஒரு வெள்ளைக் கட்டி. "படமே கும்மிருட்டு. நிபுணர் எவ்வளவோ வெளிச்சம் ஏத்திப் பாத்தார். பாருங்க, நம்பர் இருக்க வேண்டிய இடத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு."

ஜரிபா தாளைப் பார்த்தாள். கோடைக்காலத்துச் சோப்புக் கட்டி.

"ஏன் வெளிச்சம் ஏத்தினீங்க?"

"அக்கா, இருட்டுல என்ன தெரியும்?"

"இருட்டுலதான் தெரியும். அதுக்காகத்தான் அவர் இருட்டாக்கினார்."

மிர்லான் மூத்தாரைப் பார்த்தார். பாவம், புருஷனைப் பறிகொடுத்தவள் என்ற பார்வை. மூத்தார் தொப்பியின் விளிம்பைத் திருகினார். ஜரிபா கேமராவைத் திரும்பக் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். நிபுணரே கைவிட்ட சாமான்தானே என்று கொடுத்துவிட்டார்கள். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேராக நூலகத்துக்குப் போனாள். பள்ளிக்கூட நூலகத்தில் அவள்தான் பொறுப்பு. கதவைச் சாத்திவிட்டு, குழந்தைகள் பாட்டுக் கேட்கிற கம்ப்யூட்டரில் மெமரி கார்டைப் போட்டாள்.

முதலில் வந்தது அவள்தான். அந்தரத்தில் தொங்கிய பழைய நம்பர் பிளேட்டும் மாவு விரல்களும். பக்கத்திலேயே அவன் குரல்: "எழுத்து தானா எந்திரிச்சு நிக்கும்!" ஜரிபா நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கரியான ரோடு. கரியான மலை. லாரியின் பின்பக்கம். எசென் கதவைத் திறந்து இறங்கும் சத்தம். பின்னால் எங்கோ மோதிய சத்தம். பிறகு இடது ஓரத்திலிருந்து ஒரு வண்டி தடுமாறி வந்து, காருக்கு முன்னால் நின்றது. வண்டி தெரியவில்லை. இரண்டு சிவப்புப் புள்ளி, நடுவில் ஒரு நம்பர். சின்ன விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் எழுத்து எழுந்து நின்றது. முன்னால் சைபர் ஐந்து. நடுவில் ஏழு, சைபர், ஏழு. கடைசியில் மூன்று ஏ.

அப்படிப்பட்ட நம்பரைப் பிரியப்பட்டுக் கேட்டு வாங்க வேண்டும். மாவட்டத்தில் அதை வாங்கி வெள்ளை ஜீப்பில் மாட்டியவர் ஒருவர்தான். அந்த நம்பர் தெருவில் வந்தால் டிராஃபிக்காரன் தொப்பியைச் சரிசெய்வான்.

ஜரிபா படத்தை நிறுத்தவில்லை. கேட்கக் கூடாததை அதற்குப் பிறகுதான் கேட்டாள். அந்த வண்டியின் கதவு திறந்தது. சரளைக்கல்லில் காலடி. பின்பக்கமாக நடந்து வந்தது, நின்றது. ஒன்றுமில்லை. வெறும் காற்று. பிறகு அதே காலடி, வந்ததைவிட வேகமாக. கதவு மூடியது. நம்பர் சின்னதாகிப் போய், வளைவில் காணாமல் போனது.

இறங்கிப் பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்ற காரையும் தெரியும் அவருக்கு. அந்தக் காரை வாங்கியபோது அதன் சக்கரத்தில் ஆட்டு ரத்தம் தடவி வாழ்த்தியவரே அவர்தான். இன்னொரு ஜோடிக் கை அங்கே இருந்தது. அது கதவை மூடிக்கொண்டு போயிற்று.

போய், நாலு நாள் கழித்து, வரிசையில் முதலாக நின்று, என் ஈரலே என்று அலறியது.

*

"நம்பர் இருக்கு, ஒத்துக்கறேன்" என்றார் மிர்லான் மறுநாள். படத்தை வெளிச்சம் ஏற்றாமல் அவர் மேஜையிலேயே போட்டுக் காட்டியிருந்தாள். அவர் நெற்றி வேர்த்திருந்தது. "ஆனா அக்கா, வண்டி எங்கே?"

"என்ன வண்டி எங்கே?"

"நீங்களே பாருங்க. நம்பர் தெரியுது. வண்டி தெரியலை. என்ன நிறம்? என்ன மாடல்? இந்த நம்பர் எதுல மாட்டியிருந்ததுன்னு யாருக்குத் தெரியும்? நம்பர் தனியா வந்து மனுஷனை இடிக்குமா?"

ஜரிபாவுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு எரியும்போது வருகிற சிரிப்பு. "அப்ப மாட்டு வண்டியில மாட்டியிருந்ததுன்னு எழுதிக்கங்க."

"கோபப்படாதீங்க அக்கா."

"நேத்து நம்பர் இல்லைன்னீங்க. இன்னைக்கு நம்பர் மட்டும்தான் இருக்குங்கறீங்க. நாளைக்கு என் புருஷனே இல்லைன்னு சொல்வீங்களா? இந்த நம்பர் யாருதுன்னு உங்க கம்ப்யூட்டர்ல பாருங்க."

"லைன் இல்லை அக்கா."

"எப்ப வரும்?"

"மேலேருந்து வரணும்." அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். "யாருதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லுங்க. பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

தெரிந்தேதான் கேட்டார். அவரும் அந்த ஊர்ப் பையன்தான். மருமகள் வாய் எங்கே அடைபடும் என்று அவர் அம்மாவே சொல்லிக் கொடுத்திருப்பாள். ஜரிபா வாயைத் திறந்தாள். இத்தனை வருஷம் சொல்லாத பெயர், நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லியேவிடுவாள் போலிருந்தது.

"வேண்டாம்மா" என்றார் அன்றும் கூட வந்திருந்த மூத்தார். "இந்த வீட்டு மருமக வாயால அந்தப் பேர் வரக் கூடாது. கெஞ்சிக் கேக்கறேன்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

மூத்தார் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர்தான் பேசினார். சொந்த ரத்தம் என்றார். பெரிய இடம் என்றார். போனவன் திரும்பி வரப்போவதில்லை என்றார். மேரிமின் படிப்பு, நூலக வேலை எல்லாமே நீலக்குதிரைக்காரர் கைக்குள் இருக்கிறது என்றார். "வெள்ளை ஜீப்பு ஒரு வாரம் ஊர்லயே இல்லாம இருந்துச்சு, தெரியுமா உங்களுக்கு?" என்று ஜரிபா கேட்டாள். தெரியும் என்றார். அது முன்பக்கம் புதிதாகத் திரும்பி வந்திருந்தது. மாடு குறுக்கே வந்துவிட்டதாம். டீக்கடையில் எல்லாரும் அந்த மாட்டுக்காக உச்சுக்கொட்டினார்களாம்.

"மாடு" என்றாள் ஜரிபா.

*

நாற்பதாம் நாளுக்கு முந்தின நாள், நீலக்குதிரைக்காரர் வீட்டிலிருந்து ஒரு பெண்குதிரை வந்தது. கொழுத்த, பழுப்பு நிறக் குதிரை. விருந்துக்கு அறுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கம்பக்கத்தார் வேலியோரம் கூடி வாயைப் பிளந்தார்கள்.

"கூடப்பிறந்தவன்கூட ஒரு ஆட்டோட நிறுத்திக்குவான்."

"மனசுய்யா, மனசு."

ஜரிபா சமையல் அடுப்புக்கு முன்னாலிருந்து கத்தியோடு எழுந்து வந்தாள். "இதை யாரும் தொடக் கூடாது. நம்ம ஆட்டை அறுங்க. இது கட்டினபடி நிக்கட்டும்."

"ஏடி, உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?" ஜூரா அவளைக் கையைப் பிடித்து ஷெட்டுக்குள் இழுத்துப் போனாள். "குதிரையை மறுத்தா குடும்பத்தையே மறுத்த மாதிரி. ஊர் என்ன பேசும்?"

ஜரிபா செல்போனை எடுத்தாள். படத்தை அதில் ஏற்றி வைத்திருந்தாள். ஜூராவின் காதில் வைத்தாள். கதவு, காலடி, காற்று, காலடி, கதவு. பிறகு திரையைக் காட்டினாள்.

ஜூராவுக்குப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை. சாக்கு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நான் அவரை மனுஷன்னு சொன்னேனேடி" என்றாள். "உன் காதுலயே சொன்னேனே."

"நானும்தான் அக்கா நினைச்சேன்."

"என் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஜூரா எழுந்தாள். முக்காட்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினாள். "தெரிஞ்சும் அந்த மனுஷன் ராத்திரி குறட்டை விடறாரு" என்றாள். "நாளைக்கு ஒப்பாரியில நான் உன் பக்கத்துல உட்காருவேன். நீ என்ன பாடினாலும் நான் எடுத்துப் பாடுவேன். ஒரு வார்த்தை விடமாட்டேன்."

*

மறுநாள் மதியம் நல்ல வெயில். வெள்ளை ஜீப்பு வந்து கேட்டுக்கு நேரே நின்றது. அதைப் பார்த்ததும் வாசலில் நின்ற ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். நீலக்குதிரைக்காரர் இறங்கினார். கம்பு எதுவும் கையில் இல்லை, ஆனாலும் குனிந்தபடியே, "என் ஈரலே, என் தம்பியே, என்னைத் தனியா விட்டுட்டுப் போனாயே" என்று தொடங்கி, முற்றத்தைக் கடந்து வந்தார்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஜரிபா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அருகே ஜூரா. ஒப்பாரி பாடுகிறவளை யாரும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் செத்தவன் பாதி வழியில் நின்றுவிடுவான். முல்லாவே ஆனாலும் அவள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஜரிபா கண்ணை மூடினாள். வழக்கமான அடிகளில்தான் ஆரம்பித்தாள்.

*மலையேறிப் போனவரே, மலைமேட்டு அர்ச்சா மரமே,*
*நின்னுபோன வண்டிக்கு வெளிச்சம் காட்டப் போனவரே,*
*வெளிச்சம் காட்டின கையை இருட்டு வந்து மோதிருச்சே.*

ஜூரா எடுத்துப் பாடினாள். மற்றப் பெண்கள் விம்மினார்கள்.

*மாடு குறுக்கே வந்ததுன்னு சொன்னாங்களே என் ராசா,*
*மாடா நீங்க? மாடா நீங்க? மண்ணுக்குள்ள சொல்லுங்க ராசா.*

முற்றத்தில் அலறல் ஒரு சுருதி இறங்கியது.

*கதவு திறந்த சத்தம் காதாலே நான் கேட்டேன்,*
*கல்லு மிதிச்ச காலடியும் காதாலே நான் கேட்டேன்,*
*இறங்கி வந்து முகம் பார்த்து, ஏறிப்போன சத்தம் கேட்டேன்.*

ஜூரா ஒரு வார்த்தை விடாமல் எடுத்துப் பாடினாள். அவள் குரல் ஜரிபாவின் குரலைவிட இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். வெளியே இப்போது ஒரு குரலும் இல்லை. அடுப்பில் கறி கொதிக்கிற சத்தம் கேட்டது. ஜரிபாவின் முதுகு முழுக்க வேர்த்திருந்தது. அவள் மூச்சை இழுத்தாள்.

*பேர் சொல்லக் கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க,*
*சொல்லலையே, சொல்லலையே, சொல்லமாட்டேன் என் ராசா.*
*தகரத்துல எழுதினதைத் தடுப்பாரும் யாருமில்லை,*
*முன்னால சைபர் அஞ்சு, முடிவிலே மூணு ஏ,*
*நடுவுல நின்னது என்ன? ஏழு, சைபர், ஏழு.*

"ஏழு, சைபர், ஏழு" என்றாள் ஜூரா.

மூலையில் இருந்த ஒருத்தி, தன்னையறியாமல், ஒப்பாரியின் வழக்கப்படி அடியின் கடைசியைத் திருப்பிச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவளும் சொன்னாள். பிறகு அறை முழுக்கச் சொன்னது. ஏழு, சைபர், ஏழு.

முற்றத்தில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள். கேட்டுக்கு வெளியே, பட்டப்பகலில், எந்தச் சின்ன விளக்கும் தேவைப்படாமல், ஜீப்பின் நெற்றியில் நம்பர் நின்றது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் படிக்கலாம்.

நீலக்குதிரைக்காரர் நிமிர்ந்தார். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டையில் ஈரம் இல்லை. "பொம்பளைங்களுக்குத் துக்கத்துல என்ன பேசறோம்னு தெரியறதில்லை" என்று மூத்தாரைப் பார்த்துச் சொன்னார். "யாராவது உள்ளே போய்ச் சொல்லுங்கப்பா."

யாரும் அசையவில்லை. உள்ளே பாட்டு நிற்கவில்லை.

மூத்தார் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். மடியில் வைக்க அவர் உட்கார்ந்திருக்கவில்லை. கொஞ்சநேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி தலையிலேயே, இறுக்கமாக வைத்துக்கொண்டார். கொட்டகைப் பக்கம் நடந்தார். பழுப்புக் குதிரையை அவிழ்த்தார். கயிற்றைக் கொண்டுவந்து, நீலக்குதிரைக்காரர் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இதைக் கூட்டிக்கிட்டுப் போங்க அண்ணே."

"என்னடா பண்றே?"

"எங்க வீட்டுல ஆடு இருக்கு."

"தம்பி, யோசிச்சுப் பேசு. நாளைக்கு—"

"நாளைக்கு என்ன அண்ணே?" என்றார் மூத்தார். "ஒரு கை பிடிச்சிருந்தா அவன் பொழைச்சிருப்பான். ஒரே ஒரு கை. லாரிக்காரர் கிழவர் அண்ணே, கிழவர். போங்க. குதிரையோட போங்க."

நீலக்குதிரைக்காரர் ஜீப்பைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். குதிரையை ஜீப்பில் ஏற்ற முடியாது. கயிற்றைக் கீழே போட்டால், துக்க வீட்டில் கொடுத்ததைத் தெருவில் விட்டவர் ஆவார். யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று சுற்றிப் பார்த்தார். தினம் அவர் கதவைத் திறந்துவிடுகிற ஆட்கள் அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். குதிரை நிதானமாக, ஒவ்வொரு வேலியிலும் புல்லைக் கடித்து நின்று நின்று, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அவரை நடத்திக்கொண்டு போனது. வீட்டுக்கு வீடு கதவு திறந்தது.

ஜீப்பு சாயங்காலம் வரை அங்கேயே நின்றது. விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

*

வழக்கில் ஒன்றும் நடக்கவில்லை. வண்டி அடையாளம் காணப்படவில்லை என்றுதான் கோப்பில் இருக்கிறது. ஜரிபா மாவட்டத்துக்குப் போனாள், தலைநகருக்குப் போனாள், ஒவ்வொரு மேஜையிலும் அந்த இருட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினாள். ஒவ்வொரு மேஜையிலும் ஒருவர் முதலில் வெளிச்சத்தை ஏற்றப் பார்த்தார். அவள் ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டிவிட்டாள். நம்பர் எழுந்து நின்றதும், வண்டி எங்கே என்றார்கள். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். மூத்தாரும் கூடப் போகிறார், தொப்பியைக் கழற்றுவதில்லை.

நூலக வேலை போயிற்று. ஆள்குறைப்பு என்றார்கள். முழுப் பள்ளிக்கூடத்திலும் குறைந்த ஆள் அவள் ஒருத்திதான்.

பனி உருகுவதற்குள் அந்த ஜீப்பின் நம்பர் மாறியது. பிரியப்பட்டு வாங்கிய நம்பரை அவர் கழற்றிவிட்டு, யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரண நம்பர் ஒன்றை மாட்டிக்கொண்டார். பயனில்லை. அவர் பெயரை வாயால் சொல்லக் கூடாத மருமகள்கள் ஏழெட்டு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியும் இப்போது நீலக்குதிரைக்காரர் என்று சொல்வதில்லை. "அதோ, ஏழு-சைபர்-ஏழு போறார்" என்கிறார்கள். மரியாதைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பெயரைச் சொல்லவில்லையே.

எசெனின் காரை மேரிம் ஓட்டுகிறாள். படிப்புக்கு இடையில், சனி ஞாயிறுகளில், அதே கணவாய் வழியாகச் சவாரி ஏற்றி வருகிறாள். முன்னால் உட்காருகிறவர்கள் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சின்னத் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன பொண்ணே, ஒண்ணுமே தெரியலை, கொஞ்சம் வெளிச்சம் வையேன்" என்கிறார்கள். அவள் அதைத் தொடுவதில்லை. அது மைனஸ் இரண்டிலேயே இருக்கிறது.